தாய்மாமன் தலைக்கு அடியில் என் பெயர்: இணையத்தில் போடும் படங்களுக்கு எது காவல்?

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பத்தடி அகலம் இருக்கும். நடுவில் பட்டுப்பாவாடையில் சிறுமி, சுற்றிலும் வாழ்த்துகிற உறவினர்களின் முகங்கள், பின்னணியில் கூட்டுக்குக் குச்சி எடுத்துக்கொண்டு பறந்துவரும் ஒரு மஞ்சள் மூக்கு நாரை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்தேன். நாரையின் அலகில் குச்சியோடு சேர்ந்து ஒரு நீல நைலான் கயிற்றுத் துணுக்கு தொங்கியது. சந்தேகமே இல்லை, என் நாரைதான். பறவைகள் வந்து கூடுகட்டும் கூந்தன்குளம் கிராமத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில், எச்சத்துக்குப் பயந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் அண்ணாந்து நின்று எடுத்த படம். முகநூலில் போட்டபோது வலது கீழ் மூலையில் வெள்ளை எழுத்தில் என் பெயரைச் சின்னதாக எழுதியிருந்தேன். ஃபிளெக்ஸில் அந்த மூலையில் தாய்மாமன் இருந்தார். வெட்டி எடுக்கக்கூட மெனக்கெடவில்லை; என் பெயரின் மேல் அவர் தலையை வைத்து மூடிவிட்டார்கள்.

முதலில் வந்தது பெருமை. மார்க்கெட்டுக்குப் போகிற ஊரே என் நாரையைப் பார்க்கிறதே என்று. கோபம் வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகுதான் வந்தது.

அந்த வாரமே நண்பர் ஒருவரின் மகள் வந்தாள். பத்தமடையில் நெய்கிறவர்களிடம் கோரைப்பாய் வாங்கி இணையத்தில் விற்கிறாள். “மாமா, நான் போட்ட பாய்ப் படத்தை அப்படியே எடுத்துப் போட்டு ஒருவர் பாதி விலைக்கு விற்கிறார். வாங்கியவர்களுக்கு வந்து சேருவது பிளாஸ்டிக் பாய். அவர்கள் என்னைத் தேடிப்பிடித்துத் திட்டுகிறார்கள். படத்தின் மேல் பெரிதாகப் பெயர் எழுதிவிடட்டுமா?” என்று கேட்டாள். ஸ்டூடியோ வைத்திருக்கும் என் தம்பி மகனுக்கு வேறு தலைவலி. அவன் எடுத்த கல்யாணப் படங்களை மண்டப அலங்காரக்காரர் ஒருவர் தன் விளம்பரத்தில் போட்டுக்கொள்கிறார். மூவருக்கும் நடந்தது ஒன்றுதான். ஆனாலும் மூவருக்கும் ஒரே மருந்து கேட்காது என்று எனக்குப் பட்டது.

திரையில் தெரிகிற படத்தை எடுக்கவிடாமல் தடுக்க வழியே கிடையாது. வலது கிளிக்கை முடக்குகிறார்கள், படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு படத்தைப் பரப்புகிறார்கள். செல்போனில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் திரை அப்படியே படமாகிவிடும். நாலு பக்கமும் திறந்து கிடக்கிற வாழைத்தோப்புக்கு முன்னால் மட்டும் கேட் போட்ட கதை அது. அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். படம் எடுக்கப்படும் என்று வைத்துக்கொண்டே தொடங்குவோம். எடுத்தவருக்கு அது எதற்கு உதவும், நம்முடையது என்று நம்மால் காட்ட முடியுமா, காட்டினால் யார் கேட்பார்கள்? ஒவ்வொரு வழியையும் நான் எடைபோட்டது இந்தத் தராசில்தான்.

பெயரை எங்கே எழுதுவது

படத்தின் மேல் பெயரைப் பதிக்கிற வாட்டர்மார்க்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது. மூலையில் சின்னதாகப் போட்டால் என்ன ஆகும் என்று தாய்மாமன் காட்டிவிட்டார். நடுவில் பெரிதாகப் போட்டால் நாரையைப் பார்க்க வருகிறவர் என் பெயரைப் படித்துவிட்டுப் போவார். அப்படிப் போட்டாலும் நிற்குமா? 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே வாட்டர்மார்க்கை ஒரே மாதிரி நூற்றுக்கணக்கான படங்களில் போட்டால், அந்தப் படங்களையெல்லாம் ஒப்பிட்டு வாட்டர்மார்க்கை மட்டும் பிரித்தெடுத்து நீக்கிவிடக் கணினியால் முடியும் என்று அதில் செய்துகாட்டினார்கள். படத்துக்குப் படம் எழுத்தைக் கொஞ்சம் வளைத்து நெளித்துப் போட்டால் அந்த வேலை கடினமாகிறது என்பதும் அவர்கள் கண்டதுதான். இப்போது நிலைமை இன்னும் மோசம். வேண்டாததை விரலால் தடவி அழிக்கிற வசதி சாதாரண செல்போனிலேயே வந்துவிட்டது. வானத்தின் மேல் எழுதிய பெயர் ஒரே தடவலில் போய்விடும்.

பத்தமடையில் கல்யாணத்துக்கென்று நெய்கிற பாய்களில் மணமக்கள் பெயரைப் பாயோடு சேர்த்தே நெய்வார்கள். அந்தப் பெயரை எடுக்க வேண்டுமானால் பாயைப் பிரிக்க வேண்டும். பாய் விற்கிறவளிடம் இதைச் சொன்னபோது அவளுக்கே வழி பிடிபட்டுவிட்டது. கடைப் பெயர் அச்சிட்ட துணிப்பட்டை ஒன்றைப் பாயின் மேல் குறுக்கே போட்டுப் படம் எடுக்க ஆரம்பித்திருக்கிறாள். பட்டையின் நிழல் கோரையின் வரிகளில் மடிந்து விழுகிறது. அதைத் தடவி அழித்தால் அந்த இடத்தில் பாயின் நெசவு குழம்பிவிடும். பாய் வாங்குகிறவர் முதலில் உற்றுப் பார்ப்பது அந்த நெசவைத்தான். பொருள் விற்கிறவர்களுக்கு எந்த மென்பொருளும் தருகிற வாட்டர்மார்க்கைவிட இது மேல் என்று நினைக்கிறேன். நாரையின் கழுத்தில் துணிப்பட்டை கட்ட முடியாது என்பதால் எனக்கு இது உதவாது.

கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் மூலையில் பெயர் போடட்டும், தப்பில்லை. அதை விளம்பரம் என்று வைத்துக்கொள்ளலாம். காவல் என்று நம்பிவிடக் கூடாது.

1200 பிக்சல் கணக்கு

அடுத்த வழி, சிறிய அளவில் போடுவது. பலர் இதைச் செய்கிறார்கள், கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. என் கேமராவின் அசல் படம் 6000 பிக்சல், அதாவது 6000 புள்ளி அகலம். இணையத்தில் நான் போடுவது 1200. அச்சகங்கள் கேட்பது அங்குலத்துக்கு 300 புள்ளிகள். அந்தக் கணக்கில் 1200 பிக்சல் படம் நாலு அங்குல அகலத்துக்குத்தான் தரமாக அச்சாகும். பன்னிரண்டு அங்குல அகலத்தில் காலண்டர் போட வேண்டுமானால் அங்குலத்துக்கு 100 புள்ளிதான் தேறும். நாரையின் கண் மங்கிப் போகும், இறகுகள் கஞ்சி போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். சிவகாசியில் வேலை தெரிந்த எந்த அச்சகத்தாரும் அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆக, காலண்டர், புத்தக அட்டை, சுற்றுலா மலர் இவற்றுக்கு எதிராகச் சிறிய அளவு நல்ல காவல்.

ஃபிளெக்ஸுக்கு எதிராக அது ஒன்றுமே இல்லை. பத்தடி என்றால் 120 அங்குலம். அங்குலத்துக்குப் பத்தே பிக்சல். ஒவ்வொன்றும் இரண்டரை மில்லிமீட்டர் கட்டம். கிட்டப் போய்ப் பார்த்தால் என் நாரை கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. ஆனால் ஃபிளெக்ஸை யார் கிட்டப் போய்ப் பார்க்கிறார்கள்? பத்து மீட்டர் தள்ளி நின்றால் அந்தக் கட்டங்கள் கண்ணில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தபோது அது அருமையான படம். அதைவிடச் சிறிதாக, 600 பிக்சலில் போடலாமே என்றால், செல்போனிலேயே அது நன்றாகத் தெரியாது. பார்க்க முடியாத படத்தை எதற்குப் போட வேண்டும்?

படத்தைப் பெரிதாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இன்று உண்டுதான். அவை இல்லாத இறகுகளைத் தாமாகக் கற்பனை செய்து வரைகின்றன. பறவை பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பூப்புனித நீராட்டு விழாவுக்கு வருகிறவர்கள் கவலைப்படமாட்டார்கள்.

இருந்தாலும் மூவருக்கும் இதைச் செய்யச் சொன்னேன். செலவில்லை, பார்க்கிறவருக்கு இடைஞ்சல் இல்லை. முக்கியமாக, 6000 பிக்சல் அசல் நம் கையில் மட்டும்தான் இருக்கும்.

கோப்புக்குள் எழுதும் பெயர்

படக் கோப்புக்குள்ளேயே எடுத்தவர் பெயர், உரிமைக் குறிப்பு, தொடர்பு முகவரி எல்லாம் எழுதி வைக்கலாம். கேமரா தானாக எழுதுகிற எக்ஸிஃப் தகவல் ஒன்று. நாம் எழுதுகிற ஐபிடிசி தகவல் இன்னொன்று. டிஜிகேம், எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருள்களில் ஒரு முறை மாதிரி ஒன்றை அமைத்துவிட்டால் நூறு படங்களுக்கும் ஒரே நேரத்தில் எழுதிவிடலாம். பல கேமராக்களின் மெனுவிலேயே உரிமையாளர் பெயரை ஒருமுறை பதிந்துவைக்க இடம் உண்டு. 2020 முதல் கூகுள் படத்தேடலில், உரிமத் தகவல் எழுதப்பட்ட படங்களின் மேல் அதற்கான சின்னம் தெரிகிறது. உரிமம் எங்கே வாங்கலாம் என்பதற்கு இணைப்பும் கொடுக்கலாம்.

இதன் பலவீனத்தை ஃபிளெக்ஸ் கடையில் கண்ணால் பார்த்தேன். கடையைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. என் பெயரை மூடியவர்கள் ஃபிளெக்ஸின் அடியில் தங்கள் பெயரையும் செல் எண்ணையும் போட மறக்கவில்லை. வடிவமைக்கிற பையன், “கூகுளில் கிடந்தது அண்ணாச்சி” என்றான். எங்கிருந்து வந்தது என்று தெரியாத எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். ‘பறவை’ என்று ஒரு ஃபோல்டரைத் திறந்தான். மயில், கிளி, அன்னம், ஏனோ ஒரு பென்குவின், நடுவில் என் நாரை இரண்டு பிரதி. ஒன்றின் விவரங்களைத் திறக்கச் சொன்னேன். எடுத்தவர் என்ற இடம் காலி. உரிமை என்ற இடம் காலி. கோப்பின் பெயரே வாட்ஸ்அப் வைத்த பெயர். யாரோ ஒரு குழுவில் பகிர்ந்து, அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, உள்ளே எழுதியதையும் துடைத்துவிட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் மட்டும் தகவல் தங்கும்.

அந்தப் பையனை மடக்கியது வேறொன்று. செல்போனில் அந்த நாரையின் முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் காட்டினேன். கேமரா தொடர்ச்சியாக எடுத்த பதினோரு படங்களில் ஒன்றுதான் இணையத்துக்குப் போனது. மிச்சம் பத்தும் என்னிடம் மட்டும் இருந்தன. முந்தையதில் நீலக் கயிறு காற்றில் மேலே எழும்பி நிற்கிறது, பிந்தையதில் நாரையின் கால் கிளையைத் தொடுகிறது. பையன் ஒன்றும் சொல்லாமல் முதலாளியைக் கூப்பிட்டான். அவர் மூன்று படங்களையும் இரண்டு முறை தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “உட்காருங்கள் அண்ணாச்சி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். விழா வீட்டுக்காரர்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அதுதான் சந்தை விலையா என்று கேட்காதீர்கள். கொடுத்தாரே என்பது எனக்குப் பெரிது.

ஆகவே கோப்புக்குள் பெயர் எழுதுங்கள், ஆனால் அசலையும் அதன் அக்கம்பக்கத்துப் படங்களையும் அழிக்காமல் வைத்திருப்பதே பெரிய சாட்சி. கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா வடிவில் எடுத்தால் இன்னும் நல்லது. இணையத்திலிருந்து படத்தை இறக்கியவரிடம் ரா கோப்பு இருக்க வழியில்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. செல்போன் படங்களில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் எழுதப்பட்டிருக்கலாம். களக்காடு முண்டந்துறைப் பக்கம் எடுத்த அபூர்வப் பறவையின் கூடானாலும் சரி, உங்கள் வீட்டு வாசலானாலும் சரி, அதை நீக்கிவிட்டே பகிருங்கள்.

படம் யாருடையது?

சட்டத்துக்குப் போவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். என் தம்பி மகனுக்கு இதில்தான் அதிர்ச்சி. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. படம் எடுத்தவரே அதன் ஆசிரியர், பொதுவாக அவரே முதல் உரிமையாளர். ஆனால் 17ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்றுக்கொண்டு எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். அதாவது கல்யாணப் படங்கள் கல்யாண வீட்டாருடையவை. அலங்காரக்காரரைக் கேட்கும் முதல் உரிமை அவர்களுக்கு. அதைவிடச் சங்கடம், அவர்கள் அனுமதியில்லாமல் தன் ஸ்டூடியோ பக்கத்தில் மணப்பெண் படத்தைப் போட்டுவந்த இவனும் அலங்காரக்காரரும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள். எடுத்தவர் என்று தன் பெயரைக் கோருகிற உரிமையும், படத்தைச் சிதைத்துத் தனக்கு இழுக்கு உண்டாக்கினால் தட்டிக்கேட்கிற உரிமையும் மட்டும் 57ஆம் பிரிவின்படி அவனிடமே தங்கும்.

அவனுக்கு வாட்டர்மார்க்கும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். ஆர்டர் படிவத்தில் இரண்டு வரி போதும்: படங்களின் பதிப்புரிமை ஸ்டூடியோவுக்கு, குடும்பத்தாருக்குச் சொந்தப் பயன்பாட்டுக்கு முழு அனுமதி, இன்னின்ன படங்களைத் தொழில் விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம் உண்டு அல்லது இல்லை. கையெழுத்து. முன்பணம் வாங்கும்போதே இதையும் வாங்கிவிட வேண்டும். ஆல்பம் கொடுத்த பிறகு கேட்டால் ஏன் கேட்கிறான் என்று சந்தேகப்படுவார்கள்.

பாய் விற்கிறவளிடமும் கேட்டேன். “படம் எடுத்தது யார்?” பாதிப் படங்கள் அவள் எடுத்தவை, மீதி அவளுடைய பெரியம்மா மகன் எடுத்தவை. “காசு கொடுத்தாயா?” “பிரியாணி வாங்கிக் கொடுத்தேன் மாமா.” பிரியாணி பணத்துக்கு ஈடாகுமா என்று நீதிபதியைக் கேட்க வைக்காமல் அண்ணனிடம் எழுதி வாங்கிவிடுவது நல்லது. 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்தெந்த இடத்துக்கு என்று எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும் என்று எழுதி வாங்கச் சொன்னேன்.

பதிவு செய்வது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். உரிமை கிடைக்கப் பதிவு தேவையில்லை. படம் எடுத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது, எடுத்தவர் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும் நீடிக்கும். 2012 திருத்தத்துக்கு முன்பு புகைப்படங்களுக்கு வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்று இருந்தது. பதிவின் பயன், நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக நிற்பது. கட்டணம் ஒரு படைப்புக்கு 500 ரூபாய்; ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். ஒரு பறவைப் பருவத்தில் நான் தேர்ந்து வைக்கும் படங்கள் 400 என்றால் இரண்டு லட்சம் ரூபாய். அந்தப் பணத்துக்கு நல்ல லென்ஸ் ஒன்று வாங்கிவிடலாம். அடிக்கடி திருடுபோகிற, விற்பனைக்கும் போகிற இரண்டு மூன்று படங்களுக்கு மட்டும் பதிவு செய்யலாம்.

துரத்துவது

படம் எங்கெங்கே போயிருக்கிறது என்று தேட கூகுள் லென்ஸும் டின்ஐயும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை பத்துப் படங்களைப் போட்டுத் தேடினால் போதும். தினமும் தேடுகிறவருக்குப் படம் எடுக்க நேரம் இருக்காது. தெருவில் கட்டிய ஃபிளெக்ஸையும் வாட்ஸ்அப் குழுவையும் எந்தத் தேடலும் காட்டாது. அதற்கு நம் கண்ணும் நண்பர்களும்தான்.

கண்டதும் முதல் வேலை சாட்சி சேர்ப்பது. முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வழக்கு என்று போனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்ற ஒரு நீண்ட எண். ஒரு பிக்சல் மாறினாலும் அது மாறிவிடும்.

பிறகு எங்கே முறையிடுவது? வழிகள் இரண்டு. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் அதன் 2013 விதிகளும் சொல்கிறபடி, படத்தை ஏந்தி நிற்கும் தளத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நாம் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பவும் திறந்துவிடலாம். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமான டிஎம்சிஏவின் படிவம் மற்றொன்று. பெரிய தளங்கள் எல்லாம் அந்தப் படிவத்தைத்தான் வைத்திருக்கின்றன. அதில் எதிர்த்தரப்பு மறுப்புத் தாக்கல் செய்தால் மட்டுமே நாம் 10 முதல் 14 வேலைநாளுக்குள் வழக்குப் போட வேண்டிய நிலை வரும். அடுத்தவர் படத்தைத் திருடியவர் தன் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்திட்டு மறுப்புக் கொடுப்பது அபூர்வம். ஆகவே நடைமுறையில் இந்தப் படிவம்தான் வேகமானது. இதையேதான் பாய் விற்கிறவளுக்கும் சொன்னேன். ‘தரம் கெட்ட பொருள்’ என்று அவள் விற்பனைத் தளத்தில் கொடுத்த புகார் அசையாமல் கிடந்தது. ‘என் படம்’ என்று பதிப்புரிமைப் புகார் கொடுத்ததும் அந்தப் பக்கம் காணாமல் போனது.

உள்ளூர் வீடியோ செய்திக்காரர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் என்றால் பயமில்லை. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமைக் குற்றப்புள்ளி விழுந்தால் சேனலே போய்விடும் என்பதற்குத்தான் பயம். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிக் கிடந்ததை நான் எடுத்திருந்தேன். அதை ஒரு சேனல் அன்றைக்கே காட்டியது. நடப்புச் செய்தியைச் சொல்வதற்கு நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்று சட்டத்தில் விலக்கு இருப்பதால் அதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு மழைக்கு அதே படத்தை ‘இன்றைய நிலை’ என்று போட்டார்கள். ஊரே பதறியது. அப்போது புகார் கொடுத்தேன், எடுத்துவிட்டார்கள். கோப்புக்குள் இருந்த தேதி அன்றைக்கு என் உரிமைக்கு உதவியதைவிட, அது பழைய வெள்ளம் என்று ஊருக்குக் காட்ட அதிகம் உதவியது.

குற்றவியல் வழியும் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது போலீசார் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் வெளிவர உரிமையில்லாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவது 65பி பிரிவில் தனிக் குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. வாட்ஸ்அப் தானாகத் துடைத்தது இதில் வராது. தெரிந்தே பெயரை அழித்தவர் வருவார். உரிமையியல் வழக்கானால் நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போட 62ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

இவ்வளவும் இருந்தும் பக்கத்துத் தெரு ஃபிளெக்ஸ் கடைக்காரர் மேல் இதையெல்லாம் பாய்ச்ச எனக்கு மனமில்லை. அவர் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும். பெரிய நிறுவனம் விளம்பரத்தில் போட்டால் வக்கீலிடம் போவேன். மற்றவர்களுக்கு நான் எழுதும் கடிதத்தில் நாலே விஷயம்: இது என் படம், இதோ முந்தைய பிந்தைய படங்கள், தொடர்ந்து பயன்படுத்த இவ்வளவு தொகை, இல்லையென்றால் இந்தத் தேதிக்குள் எடுத்துவிடுங்கள். மிரட்டல் வார்த்தை வேண்டாம். ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக அவர்களே நம் மேல் வழக்குப் போட 60ஆம் பிரிவு வழி செய்கிறது.

திறந்தே கொடுத்துவிடுவது

இதையும் ஒரு வழியாக எண்ண வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டால், பெயர் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்றோ, வணிகத்துக்கு மட்டும் கூடாது என்றோ நாமே நிபந்தனை வைக்கலாம். கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்கள், நெல்லையப்பர் தேர் போன்றவற்றை நான் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளும் விக்கிப்பீடியாவும் பயன்படுத்தட்டும். விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்ற வேண்டுமானால் வணிகப் பயன்பாட்டையும் அனுமதித்தாக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. விற்று வாழ்கிறவருக்கு இது சரிப்படாது.

செயற்கை நுண்ணறிவு நம் படங்களைத் தின்று வளர்கிறது என்ற புலம்பலுக்கு இப்போதைக்கு எளிய மருந்து இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2023இல் கிளேஸ், 2024இல் நைட்ஷேட் என்று, படத்திலிருந்து கற்கிற செயற்கை நுண்ணறிவைக் குழப்பும் கருவிகளைக் கொடுத்தார்கள். அவை முக்கியமாக ஓவியர்களை நினைத்துச் செய்யப்பட்டவை. கேமராவே படத்தோடு பிறப்புச் சான்றிதழைப் பதிக்கிற சி2பிஏ என்ற முறை 2021இல் தொடங்கியது. அது உள்ளேயே அமைந்த முதல் கேமராவாக 2023இல் லைக்கா எம்11-பி வந்தது. லைக்காவின் விலையைக் கேட்டால் நாரையே பறந்துவிடும்.

பெண்களின் படங்களை வெட்டி ஒட்டி இழிவுபடுத்துவது இந்தக் கணக்கில் எதிலும் சேராது. அங்கே கடிதம், பேரம் எதுவும் வேண்டாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் காவல் நிலையத்திலும் உடனே கொடுக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகளின் படங்களுக்கு நான் ஒப்புக்கொள்கிற ஒரே காவல், பூட்டிய கணக்கும் குறைந்த நண்பர்களும்.

இப்போது என் நாரைகள் வாட்டர்மார்க் இல்லாமல், 1200 பிக்சலில், உள்ளே என் பெயரோடு போகின்றன. கீழே ஒரு வரி: பெரிய அளவு வேண்டுவோர் எழுதுங்கள். ஃபிளெக்ஸ் கடைப் பையன் ஒருமுறை எழுதினான். மயில் இருக்கிறதா என்று. பாய் விற்கிறவள் துணிப்பட்டையை மாற்றிப் புதிதாக ஒன்று தைத்திருக்கிறாள். தம்பி மகன் படிவத்தை அச்சடித்துவிட்டான், எழுத்துப் பிழையோடு.

ரா கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. 2023 வெள்ளம்வரை இரண்டும் வீட்டில் ஒரே மேசை இழுப்பறையில் இருந்தன. தண்ணீர் முழங்காலுக்கு ஏறிய இரவில் ஆதார் அட்டைக்கு முன்னால் நான் மாடிக்குத் தூக்கிப் போனது அவற்றைத்தான். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள். ஒன்றை அம்பாசமுத்திரத்தில் தங்கை வீட்டு மாடி பீரோவில், சேலைகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் புதியவற்றைச் சேர்த்துவிட்டு வருகிறேன்.